பழைய ஹைலக்ஸுக்குக் கூடுதல் சக்தி: முதலில் தொலைந்ததைத் தேடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டு ஹைலக்ஸ் வீகோ, 3.0 டீசல், மேனுவல் கியர், 240,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. வார நாட்களில் பேராக்கின் லிந்தாங் பக்கம் அப்பாவின் நிலத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றுகிறீர்கள். வார இறுதியில் சுங்கை சிப்புட்டிலிருந்து நண்பர்களோடு வெளியூர் போகிறீர்கள். மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் நண்பனின் ரேஞ்சர் உங்களை விட்டுவிட்டுப் போகிறது. ஒரு பெங்கேலில் (பட்டறையில்) பவர் பாக்ஸ், 3 அங்குல எக்ஸாஸ்ட், ஈஜிஆர் (எரிந்த வாயுவில் கொஞ்சத்தை மறுபடி இஞ்சினுக்குள் விடும் வழி) அடைப்பு, திறந்த ஏர் ஃபில்டர் எல்லாம் சேர்த்து 4,500 வெள்ளி கேட்கிறார்கள். 250 குதிரைத்திறன் வரும், 180-ல் ஓடும் என்கிறார்கள். "போடலாமா அண்ணே, இஞ்சின் தாங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஏற்றத்தில் ஏன் இழுக்கவில்லை, இஞ்சினை எவ்வளவு தூரம் கூட்டலாம், அந்த வேகத்துக்கு வண்டி தகுதியானதா. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குப் பணம் கட்டாதீர்கள் என்பதுதான் என் பதிலின் சாரம்.

நான் தோட்டப் பட்டறையில் டிராக்டர், லோரி பார்த்துத் தொழில் கற்றவன். அதன் பிறகு பல ஆண்டுகளாக டீசல் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் இஞ்செக்டரும் பிரித்துச் சோதிக்கும் வேலைதான். உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். உங்கள் 1கேடி இஞ்சின் 2,982 சிசி. புதிதாக வெளிவந்தபோது நிமிடத்துக்கு 3,400 சுழற்சியில் 163 குதிரைத்திறனும், 343 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொடுத்தது. நண்பனுடைய ரேஞ்சர் 3.2 என்றால் அது 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர். அந்த வண்டி ஏற்றத்தில் உங்களைத் தாண்டுவதில் அதிசயமே இல்லை, அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். ஆனால் அது 2.2 என்றால் கதை வேறு. அந்தக் காலத்து 2.2-க்கு 150 குதிரைத்திறன்தான். இழுவிசை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், ஒரே சுமையோடு ஓடும்போது அது உங்களை எளிதாகத் தாண்டிப் போனால், உங்கள் இஞ்சின் தன் 163-ஐக் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். இத்தனை ஓடிய வண்டிக்கு அதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். பவர் போதவில்லை என்று வரும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருந்த பவரைத் தொலைத்தவைதான்.

எங்கே தொலைகிறது? காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்பு விட்டிருக்கலாம். நிற்கும்போது கண்ணுக்குத் தெரியாது, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். உங்கள் டர்போவில் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சின்ன இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் கரி பிடித்தால் இறுகிப்போகும். அப்புறம் கீழ்ச் சுழற்சியில் வண்டி சோம்பலாக இருக்கும், அல்லது அழுத்தம் எல்லை மீறி இஞ்சின் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும். இஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஈஜிஆர் கரியும் எண்ணெய் ஆவியும் கலந்து கருப்புச் சேறாகப் படியும். இந்த வயதில் திறந்து பார்த்தால் வழி பாதியாகச் சுருங்கியிருப்பது சாதாரணம். டீசல் பம்பில் இருக்கும் சக்‌ஷன் கட்டுப்பாட்டு வால்வு தேய்ந்தால், ஐட்லிங் ஏறி இறங்கும், மிதித்தால் தயங்கும். இவற்றில் எதற்கும் பவர் பாக்ஸ் மருந்தாகாது. மூக்கடைத்தவனை இன்னும் வேகமாக ஓடச் சொல்வது போலத்தான் அது.

எல்லாவற்றிலும் மோசமானது இஞ்செக்டர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 1கேடி இஞ்சின்களைக் கொன்றது பெரும்பாலும் இதுதான். இஞ்செக்டரின் அடியில் ஒரு செப்பு வாஷர் இருக்கும். அது தளர்ந்தால் எரிந்த வாயு மேலே கசிந்து வால்வு மூடிக்குள் போகும். அங்கே எண்ணெயோடு சேர்ந்து தார் போலக் கெட்டியாகும். அந்தக் கசடு மெல்ல இறங்கி, அடியில் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் எண்ணெய் அழுத்த விளக்கு எரியும். அதற்குள் பேரிங் போய்விட்டிருக்கும். இன்னொரு பக்கம், தேய்ந்த இஞ்செக்டர் டீசலைத் தூவாமல் ஒழுக விட்டால், பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் சூடு குவியும். அது விரிசல் விடும். விரிசல் விட்ட பிஸ்டனோடு சில வண்டிகள் கொஞ்ச காலம் ஓடவும் செய்யும், புகையும் தட்டும் சத்தமுமாக. இந்த நிலையில் இருக்கும் இஞ்சினுக்குக் கூடுதல் டீசல் கொடுத்தால் மிச்சமிருக்கும் ஆயுளும் கரைந்துவிடும்.

அதனால் முதலில் ஸ்கேனர் வைத்து நான்கு இஞ்செக்டர்களின் திருத்த எண்களை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் இஞ்சின் கணினி கூட்டிக் குறைக்கும் டீசல் அளவை) பாருங்கள். இஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் நிற்கும்போது எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நின்றால் சந்தேகம் அதன்மேல்தான். பிறகு இஞ்செக்டர்களிலிருந்து திரும்பிவரும் டீசலை நான்கு சின்னப் புட்டிகளில் பிடித்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். கருப்பாகக் கட்டி தட்டியிருந்தால் அடித் தொட்டியைக் கழற்றிச் சல்லடையைப் பார்த்தே ஆக வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்ற கணக்கையும் எடுத்து வையுங்கள். இந்த இஞ்சினில் அது அறுந்தால் வால்வுகள் போய்விடும்.

டீசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 முதல் நம் மலேசியப் பம்புகளில் வரும் சாதாரண டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. சில வட்டாரங்களில் 20 விழுக்காடு. அதாவது, நீங்கள் ஏற்றி விடும் குலையின் ஒரு துளி உங்கள் தொட்டிக்கே திரும்பி வருகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பயோடீசலுக்கு இரண்டு குணங்கள் உண்டு. தொட்டியில் பழைய கசடு இருந்தால் கரைத்துக் கொண்டுவரும், காற்றிலிருந்து ஈரத்தையும் அதிகமாக வாங்கிக்கொள்ளும். அதனால் டீசல் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்னதைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள், அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். லிட்டருக்கு 20 சென் கூடுதலாக விற்கும் யூரோ 5 பி7 டீசலில் பயோடீசல் குறைவு. வண்டியை அடிக்கடி நாள்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு அது நல்லது. அதைப் போட்டதும் பவர் பொங்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆற்றல் வித்தியாசம் காலில் உணரக்கூடிய அளவு இல்லை.

சரி, இதெல்லாம் பார்த்துச் சரிசெய்துவிட்டீர்கள், வண்டி தன் பழைய 163-ஐத் திரும்பப் பெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் கூட்டலாமா? கூட்டலாம். டீசல் இஞ்சினில் பவர் என்பது எரியும் டீசலின் அளவு. எரிய வைக்கக் காற்று வேண்டும், எரிந்த சூட்டை வெளியேற்ற வழி வேண்டும். காற்று போதாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும். அந்தப் புகையைப் பார்த்துப் பவர் என்று பலர் பெருமைப்படுகிறார்கள். அது எரியாமல் வீணாகும் டீசல், உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும் காசு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் போய், லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறிய நாளிலிருந்து, கரும்புகையை யாரும் இளக்காரமாகப் பார்க்க முடியாது.

உங்களுக்குச் சொன்ன பவர் பாக்ஸ் என்ன செய்கிறது தெரியுமா? டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும், இசியு என்னும் இஞ்சின் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்கிறது. இசியு அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. அதே நேரத்துக்கு அதிக டீசல் உள்ளே போகிறது. பவர் கூடுவது உண்மைதான். ஆனால் உண்மை அழுத்தம் எவ்வளவு என்று இசியுவுக்குத் தெரியாது. ஏற்கெனவே தேய்ந்த இஞ்செக்டருக்கும் பம்புக்கும் அது கூடுதல் சுமை. ரீமேப் அப்படியல்ல. இசியுவுக்குள் இருக்கும் கணக்குகளையே மாற்றி எழுதுவது. டீசல் அளவு, டர்போ அழுத்தம், புகை வரம்பு, இழுவிசை வரம்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகக் கூட்ட முடியும். எழுதுபவருக்குத் தொழில் தெரிந்தால் இதுதான் நல்ல வழி. தெரியாதவர் எழுதினால் பாக்ஸைவிட ஆபத்து, ஏனென்றால் பாதுகாப்பு வரம்புகளையே அவர் அழித்துவிடலாம். எழுதுவதற்கு முன்னும் பின்னும் டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடையில்) ஓட்டிக் காட்டுகிறாரா, உங்கள் பழைய ஃபைலைத் திருப்பித் தருகிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தயங்குபவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு கூடும்? நல்ல நிலையில் இருக்கும் 1கேடியில் மற்ற எதையும் மாற்றாமல் 15 முதல் 20 விழுக்காடு வரை கூட்டுவது நியாயமான எல்லை. அதாவது 190 பக்கம் வரலாம். அந்த அளவில்கூடப் பழைய கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும் வாய்ப்பு அதிகம். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். 250 என்பது நீங்கள் சொன்ன சாமான்களால் வராது. அதற்குப் பெரிய டர்போ, பெரிய இஞ்செக்டர், முன்னால் வைக்கும் இன்டர்கூலர், வலுவான கிளட்ச் எல்லாம் வேண்டும். டொயோட்டா நிறுவனமே 2020-ல் 2.8 ஹைலக்ஸை 177-லிருந்து 204 குதிரைத்திறனுக்கு ஏற்றியபோது, இசியு எழுத்தை மட்டும் மாற்றி விட்டுவிடவில்லை, டர்போவையும் மாற்றினார்கள். 27 குதிரைத்திறனுக்கே இவ்வளவு. ஒரு டப்பாவைச் செருகி 87 கூட்டுவதாகச் சொல்பவர் எந்த டைனோ தாளைக் காட்டினார் என்று கேளுங்கள்.

சூட்டைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ரீமேப் செய்தால், டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வாயுவின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றைக் கட்டாயம் பொருத்துங்கள். நானாக இருந்தால் பாக்ஸும் எக்ஸாஸ்ட்டும் இல்லாமல் முதலில் அதைத்தான் வாங்குவேன். சமதரையில் ஓரிரு நொடி மிதிப்பதில் ஆபத்து குறைவு. சுமையோடு மெனோரா போன்ற நீண்ட ஏற்றத்தில் நிமிடக்கணக்கில் மிதித்துப் பிடிப்பதுதான் ஆபத்து. பிஸ்டன் அலுமினியம், அது 660 டிகிரியில் உருகும் உலோகம். கீழிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர வைப்பதால்தான் அது தாங்குகிறது. மீட்டர் ஊசி 750 டிகிரியைத் தாண்டி நிற்க விடாதீர்கள். ஏறினால் காலை எடுங்கள், ஒரு கியர் இறக்குங்கள். சுழற்சி கூடினால் காற்று கூடும், சூடு இறங்கும். உங்கள் இன்டர்கூலர் பானட்டுக்கு அடியில், இஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக ஊர்ந்து ஏறும்போது அதற்குக் காற்று போதாது, இஞ்சின் சூடும் சேரும். பானட் வாய்க்கும் இன்டர்கூலருக்கும் இடையில் இருக்கும் ரப்பர் ஓரம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சின்னச் செலவுதான், பலன் உண்டு. ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள்.

மற்ற சாமான்களுக்கு வருகிறேன். டர்போவுக்குப் பின்னால் எக்ஸாஸ்ட்டைப் பெரிதாக்கினால் டர்போ சற்று முன்னதாக எழும், சூடும் கொஞ்சம் குறையும். இது உறுதி. தனியாகச் செய்தால் பவர் பெரிதாக ஏறாது என்பதும் உறுதி. ஈஜிஆரை அடைத்தால் இன்டேக் சுத்தமாக இருக்கும், அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் முழுதாக மிதிக்கும்போது அந்த வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும். அதனால் உச்ச பவர் ஏறாது. இஞ்சின் ஆயுள் கூடுமா என்பதில் தொழிலில் இருப்பவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. கெட்ட வாயு அதிகமாகும், சட்டப்படியும் தவறு என்பதால், அடைப்பதைவிட அவ்வப்போது கழற்றிக் கழுவச் சொல்வதே என் வழக்கம். திறந்த ஏர் ஃபில்டரை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். தோட்டத்துச் செம்மண் சாலையில் முன்னால் ஒரு லோரி போனால் எவ்வளவு தூசி எழும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தடவிய அந்தத் துணி ஃபில்டர் நுண்ணிய தூசியைக் காகித ஃபில்டர் அளவுக்குப் பிடிக்காது. உள்ளே போகும் தூசி டர்போ இறக்கையைத் தின்னும், பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். பானட்டுக்குள் சூடான காற்றை உறிஞ்சுவது அதோடு சேர்ந்த நட்டம்.

ஏற்றத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, நீங்கள் சுமக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் சுமார் 18 குதிரைத்திறன் ஏறுவதற்கே போய்விடும். பின் தட்டில் கிடக்கும் சங்கிலி, கடப்பாரை, பழைய ஜாக், இரும்புக் கூண்டு எல்லாவற்றையும் வார இறுதியில் இறக்கி வைத்துவிட்டுப் பினாங்குக்குப் போய்ப் பாருங்கள். டயரையும் பாருங்கள். 265/70 அளவை எடுத்துவிட்டு 285/75 போட்டிருந்தால் சக்கரம் 7 விழுக்காடு பெரிது. அந்த அளவுக்கு இழுப்பு குறையும், மீட்டர் 110 காட்டும்போது நீங்கள் உண்மையில் 118-ல் போவீர்கள்.

இப்போது 180 பற்றி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வேண்டாம். காற்றைக் கிழிக்கத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 110-ல் தேவைப்படுவதைப் போல 140-க்கு இரு மடங்கு, 180-க்கு நாலு மடங்குக்கும் மேல். பிக்கப்பின் உயரமான முகத்துக்கு அது கொஞ்ச நஞ்சமல்ல. பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங், டிரம் பிரேக். தட்டு காலியாக இருக்கும்போது பின் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு, மழை பெய்த வளைவில் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. காட்டுச் சாலை டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் கியூ என்ற எழுத்து இருக்கும். அதன் எல்லை 160 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிப்பது 110.

பிரேக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பின் ஆக்சிலுக்கு மேலே சுமையை உணரும் வால்வு ஒன்று கம்பியோடு இணைந்திருக்கும். சுமை ஏறித் தட்டு இறங்கினால், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். குலை ஏற்றுவதற்காக ஸ்பிரிங் இலைகளைக் கூட்டியிருந்தாலோ, அழகுக்காக வண்டியை உயர்த்தியிருந்தாலோ, தட்டு இறங்காது. வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். ஒரு டன் ஏற்றி இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும். தோட்டத்து வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். பவருக்கு ஒரு வெள்ளி செலவழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாகனத்தின் அமைப்பை மாற்றுவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பார்வைக்கு உட்பட்டது. டீசல் புகைக்கு 1996-ஆம் ஆண்டு விதிமுறையில் 50 ஹார்ட்ரிஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) என்ற வரம்பு இருக்கிறது. கரும்புகையோடு போனால் நிறுத்திச் சோதிப்பார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது அவர்கள் அதையே காரணமாக்க இடமுண்டு. வண்டி அப்பா பேரில் இருந்தால், அவரிடம் இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் ஒரு சமதரைச் சாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், ஐந்தாம் கியரில் 60-லிருந்து 100 வர எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கைப்பேசி ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காலி வண்டியில் போக ஒரு முறை, வர ஒரு முறை. பிறகு குழாய்கள், ஃபில்டர்கள், இன்டேக் கழுவுதல், இஞ்செக்டர் வாஷர், பிரேக் வால்வு எல்லாம் பார்த்துவிட்டு, அதே சாலையில் அதே அளவு டீசலோடு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் போதவில்லை என்று தோன்றினால் மட்டும் சூடு மீட்டரும், அதற்குப் பின் மிதமான ஒரு ரீமேப்பும். ஸ்கேனர் போட்டதும் நான்கு இஞ்செக்டர் எண்களையும், முழுதாக மிதிக்கும்போது இசியு கேட்கும் டர்போ அழுத்தம் எவ்வளவு, உண்மையில் கிடைப்பது எவ்வளவு என்பதையும் இங்கே எழுதுங்கள். நண்பனின் ரேஞ்சர் 2.2-ஆ 3.2-ஆ என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்தால் ரீமேப்புக்குப் போகலாமா, இன்னும் எதையாவது கழற்ற வேண்டுமா என்று என்னால் சொல்ல முடியும்.